நியூயார்க் அண்ணாச்சி விட்ட வெள்ளை இடம்

ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் நடுவே நிற்கிற விளம்பரப் பலகைகளில் நியூயார்க் அண்ணாச்சியிடம் திட்டு வாங்காத பலகை ஒன்றுகூடக் கிடையாது. அப்படி ஒன்று தப்பித்திருந்தால், அவர் வேனில் தூங்கிக்கொண்டு வந்த நாளில் நட்டதாக இருக்கும். மறுநாள் அதற்கும் சேர்த்துத் திட்டியிருப்பார்.

லேபர் கார்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அது எங்கள் போர்டு கம்பெனி ஆபீஸுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் நியூயார்க் அண்ணாச்சி. பாகிஸ்தானி சூப்பர்வைசர்கூட "நியூயார்க் பாய்" என்றுதான் கூப்பிடுவார். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அமெரிக்கா இருக்கிற திசையில் அவர் அதிகபட்சமாகப் போய்ச் சேர்ந்த இடம் குவைத். அங்கே ஓர் அமெரிக்க முகாமில் நாலு வருஷம் சலவை வேலை பார்த்திருக்கிறார். பட்டாளத்துக்காரர்கள் படித்துப் போட்ட பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்து, செய்திகளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, விளம்பரங்களை மட்டும் ஒரு சூட்கேஸில் அடுக்கி வைத்திருந்தார்.

"செய்தியைல்லா அண்ணாச்சி பத்திரமா வச்சிருக்கணும்?" என்று கேட்டேன்.

"செய்தி மறுநாளே புளிச்சிரும் வே. இந்தப் பல்லைப் பாரும்" என்று ஒரு பற்பசை விளம்பரத்தை நீட்டினார். "இருவது வருசமா அப்படியே வெள்ளையா இருக்கு. உம்ம பல்லு இருக்கா?"

நான் அதே கம்பெனியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற மெஷின் ஆபரேட்டர். பத்தாவது வரை படிப்பு, மீதி ஆண்டவர் கிருபை. நான் அடித்துச் சுருட்டிக் கொடுப்பதை அண்ணாச்சி கொண்டு போய், கிரேன் கூடையில் ஏறி, உயரத்தில் ஒட்டுவார். வேலையில் நாங்கள் கூட்டாளிகள். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் மேல் எனக்குப் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை. ஜெபமாலையில் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு விரல் நகர்கிற இடைவெளியில்கூட வந்து உட்கார்ந்துகொள்கிற பொறாமை.

காரணம் இருக்கிறது. காலையில் வேனில் ஏறினால் அவர் வாய்தான் ரேடியோ. நாங்கள் பதினாலு பேரும் நேயர்கள்.

"அந்த பர்கரைப் பாத்தீரா? படத்துல நாலு மாடிக் கட்டடம். கையில வாங்குனா இடிஞ்சு விழுந்த குடிசை. ஆனாலும் அமெரிக்காக்காரனைத் திட்ட முடியாது. ஏன் தெரியுமா? அந்த வெங்காயத்து மேல ஒரு சொட்டுத் தண்ணி நிக்கி பாரும். அந்தச் சொட்டுக்குத்தான் வே துட்டு!"

"அங்கெல்லாம் காப்பிக் கடையில உம்ம பேரைக் கேட்டு கப்புல எழுதித் தருவான். நம்ம ஊர்ல டீ குடிச்சா 'வெள்ளச்சட்டை, ஒரு டீ'ம்பான். இங்க இருக்கு வித்தியாசம்."

"அவன் ஊர்ல வருசத்துக்கு ஒரு நாள் பந்து விளையாட்டு நடக்கு. சனமெல்லாம் எதுக்கு டி.வி. முன்னால உக்காருது? விளம்பரம் பாக்க! விளம்பரத்துக்கு நடுவுல கொஞ்சம் விளையாட்டும் போடுவான், பாவம்."

அக்டோபர் மாதம் மால்களில் எலும்புக்கூடு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை வரும். அமெரிக்காவில் அப்போது பேய்த் திருநாளாம். எனக்கு அதை அடிக்கவே கை கூசும். மெஷினில் சிலுவை போட்டுவிட்டுத்தான் பட்டனை அமுக்குவேன். அண்ணாச்சியோ அந்த எலும்புக்கூட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "இது சிரிக்கி பாரும் வே. நம்மூருப் பேய் எதுவாவது சிரிச்சிருக்கா? வாடிக்கையாளரை அழ வச்சா யாவாரம் ஆகுமா?" என்பார்.

முவைலாவில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு மலையாளி மளிகைக்கடை வைத்தார். போர்டில் அரிசி, பருப்பு, மீன், மொபைல் ரீசார்ஜ் எல்லாம் வரவேண்டும் என்றார். நான் அத்தனையையும் ஒரே போர்டில் அடக்கி, மூலையில் ஒரு தேங்காய்க்கும் இடம் கண்டுபிடித்து வரைந்து வைத்திருந்தேன். ஒட்டப் போன அண்ணாச்சி கடைக்காரரிடம் என்ன ஓதினாரோ தெரியாது. கடைசியில் மஞ்சள் போர்டில் ஒற்றை முட்டை மட்டும் ஏறியது. பெயர்கூட ஓரத்தில் எறும்பு மாதிரி. நான் மனதுக்குள் சிரித்தேன். ஒரு மாதத்தில் டாக்ஸிக்காரர்கள், டெலிவரிப் பையன்கள், எங்கள் கட்டட வாட்ச்மேன் எல்லோரும் அந்தத் திருப்பத்தையே "முட்டைக்கடை" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இன்று என் வீட்டுக்கு வழி சொல்ல நானே "முட்டைக்கடைக்கு எதிரே" என்றுதான் சொல்கிறேன். அதே தெருவில் என் கையால் பதினேழு போர்டு நிற்கிறது. ஒன்றைச் சொல்லியாவது யாராவது வழி கேட்டிருப்பார்களா?

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, நண்டுக் குழம்பு இருக்கிறதே என்று நானே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுத் தொலைத்தேன். என் மனைவி ஸ்டெல்லா இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். மகள் ஜெனி அப்போது எட்டாவது. பிறந்தது முதல் இங்கேதான். தமிழ் புரியும், வாயைத் திறந்தால் ஆங்கிலம். அண்ணாச்சி கை கழுவிவிட்டு எங்கள் வீட்டு மாதா பீடத்தின் முன்னால் நின்றார். திருநீறு பூசிய ஆள் அவர். ஆனால் முறையாகக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு தலையைச் சாய்த்தார். போர்டுகளை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"தங்கச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது" என்றார் ஸ்டெல்லாவிடம். "அம்மாவைச் சுத்தி பிளாஸ்டிக் பூ, சீரியல் லைட்டு, நாலு கலர் மாலை. இவ்வளவு கூட்டம் நின்னா அம்மாவுக்கு மூச்சு முட்டாதா?"

கல்யாணமான நாள் முதல் நான் சொல்லி ஒரு ஜன்னல் திரையை மாற்றாதவள் ஸ்டெல்லா. அவர் படி இறங்குவதற்குள் பிளாஸ்டிக் பூவையெல்லாம் கழற்றிக் கவரில் போட்டாள்.

"ஏங்க, இப்ப பாருங்க, மாதா முகம் எவ்வளவு தெளிவாத் தெரியுது!"

"நல்லாத் தெரியுது" என்றேன். மாதாவுக்கு என் முகமும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

"டாடி, அங்கிள் இஸ் ஸோ கூல்" என்றாள் ஜெனி. "ஹீ நோஸ் டிசைன்!"

பதினோரு வருஷமாக நான் அடித்த ஃப்ளெக்ஸை எல்லாம் சேர்த்து விரித்தால் ஷார்ஜாவையே மூடலாம். இந்தப் பிள்ளை ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்து "டாடி, கூல்" என்று சொன்னது கிடையாது.

ஆனால் அவளே எனக்கு ஓர் ஆயுதமும் கொடுத்தாள். அமெரிக்காவில் ரோட்டோரப் பலகைகளில் வக்கீல்கள் தங்கள் முகத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களாம். போனில் காட்டினாள். அசல் நம்மூர் ஃப்ளெக்ஸ்! மறுநாள் வேனில் போனை அண்ணாச்சி மூக்குக்கு நேரே நீட்டினேன். "இது உங்க அமெரிக்கா தான அண்ணாச்சி? நம்ம கவுன்சிலர் மாதிரில்லா நிக்கான்?"

வேன் முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சி மூன்று நாள் எந்தப் பலகையையும் திட்டவில்லை. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு ருசித்தது. நாலாம் நாள் வேனில் ஏறியதும் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "யோசிச்சுப் பாத்தேன் வே. நம்ம ஆளுவ அங்கயும் போய்ட்டானுவ."

இனி அந்த ஃப்ளெக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கோயிலில் தமிழ் மக்கள் சேர்ந்து வருஷா வருஷம் மாதா திருவிழா கொண்டாடுவோம். காம்பவுண்டுக்குள்ளேதான் எல்லாம். அதற்குப் பன்னிரண்டு அடி நீள ஃப்ளெக்ஸ் பதினோரு வருஷமாக என் கைவேலை. நடுவில் மாதா, சுற்றி முட்டை வடிவத்தில் கமிட்டிக்காரர்கள் அறுபத்து நாலு பேர் முகம், மேலே புறா, கீழே ரோஜா. பத்தாவது படித்த எனக்கு இந்த ஊரில் யாராவது எழுந்து நின்று கை கொடுக்கிற நாள் என்றால் அந்த ஒரு நாள்தான். முந்தின வருஷம், யார் முகம் பெரிது என்று இரண்டு பேர் சண்டை போட்டு, ஒருவர் பாடற்குழுவை விட்டே போய்விட்டார். ஆகவே அந்தத் தடவை கமிட்டித் தலைவர் மெஷின் ரூமுக்கு வந்தார்.

"அந்தோணி, இந்த வருசம் யார் மூஞ்சியும் வேண்டாம். அதனால டிசைனை அந்த முட்டைக்கடை போர்டு போட்ட உங்க அண்ணாச்சிகிட்ட கொடுத்திருக்கோம். நீங்க அடிச்சு மட்டும் குடுத்துருங்க."

அடித்து மட்டும்! நான் "சரி சார்" என்றேன். அன்றைக்கு ஜெபமாலையில் எத்தனை மணி சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணாச்சியின் டிசைன் வந்தது. பன்னிரண்டு அடியும் வெள்ளை. வலது கீழ் மூலையில், ஒரு சாண் உயரத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாதா. மேலே ஒரே வரி: "அம்மா உன்னைத் தேடுறாங்க." அவ்வளவுதான். தேதியும் நேரமும் அடியில், முட்டைக்கடை எறும்பு எழுத்தில்.

"அண்ணாச்சி, மீதி எங்க?"

"இதான் மீதி. அமெரிக்காக்காரன் கூட்டத்தைக் கூப்பிட மாட்டான் வே. ஒருத்தனைக் கூப்பிடுவான். அந்த ஒருத்தன் நின்னு பாக்கதுக்கு இடம் விடுவான். இடம் விடதுதான் டிசைன்."

வெள்ளையை எப்படிப் பிரிண்ட் பண்ணுவது? மெஷினின் தலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முக்கால் மணி நேரம் சும்மா போய்ப்போய் வந்தது. வெள்ளையில் ஒரு சொட்டு மை விழவில்லை. என் வயிற்றில்தான் சொட்டுச் சொட்டாக எரிந்தது.

திருவிழாவன்று காலையில் ஃப்ளெக்ஸைக் கட்டினோம். அண்ணாச்சிக்கு அன்று மதியம்வரை சைட்டில் டியூட்டி. பூசைக்கு வந்த ஜனம் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று குழம்பியது. "மை தீந்து போச்சோ?" என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. ஆனால் ஜெனி தன் தோழிகளைக் கூட்டி வந்து, "மை அங்கிள் மேட் இட். ஸோ க்ளீன், நோ?" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லத்தான் வேண்டும். பிரசங்கம் ஆரம்பித்ததும் நான் எழுந்து வெளியே வந்தேன். சாமியார் அன்றைக்கு என்ன பிரசங்கித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காம்பவுண்டில் ஒரு ஈ காக்கை இல்லை, வெயில் மட்டும்தான். கல்ஃபில் வேலை பார்க்கிற எவன் பர்ஸைத் திறந்தாலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு இருக்கும். விசாவுக்கு, மெடிக்கலுக்கு, லேபர் கார்டுக்கு என்று எப்போது கேட்பான் என்று தெரியாது. என் போட்டோ ஒன்றை எடுத்தேன். பாக்கெட்டில் எப்போதும் இருக்கிற டபுள் டேப்பைப் பின்னால் வைத்தேன். அந்த வெள்ளைக் கடலுக்கு நட்டநடுவில் ஒட்டி, ஐடி கார்டால் நாலு பக்கமும் நீவிவிட்டேன். கெட்ட காரியம் என்றாலும் தொழில் தொழில்தானே. பிறகு உள்ளே ஓடி வந்து, விசுவாசப் பிரமாணத்தில் எல்லோரோடும் சேர்ந்துகொண்டேன்.

என் கணக்கு என்னவென்றால், பூசை முடிந்து வருகிறவர்கள் நடுவில் ஒரு மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பார்கள், டிசைன் சந்தி சிரிக்கும், அடுத்த வருஷம் பழையபடி நான்தான்.

பூசை முடிந்தது. முதலில் வந்தவன் வெல்டர் சூசை. ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆனவன். என் போட்டோவைப் பார்த்தான். மேலே இருந்த வரியைப் படித்தான். திரும்பவும் என் போட்டோவைப் பார்த்தான். பிறகு பர்ஸை எடுத்தான்.

"என்ன மக்கா பண்ணுத?" என்று ஒருவர் கேட்டார்.

"அம்மா தேடுறாங்கன்னு போட்டிருக்குல்லா? நான் இங்கதான் இருக்கேன்னு ஒட்டுதேன். அதுக்குத்தான இடம் விட்டிருக்கு."

அவ்வளவுதான். பர்ஸுகள் திறந்தன. ஒட்டுவதற்கு எதுவும் இல்லாமல் ஆளாளுக்குத் தவித்தார்கள். என் ஸ்டெல்லாவே கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரி டேப்பை எடுத்துக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். டை கட்டிய போட்டோ, ஊரில் எடுத்த மீசையில்லாத போட்டோ, நீல பேக்ரவுண்டு, வெள்ளை பேக்ரவுண்டு. லேபர் கேம்ப் பஸ்ஸில் வந்த பையன்கள் வரிசையில் நின்று ஒட்டினார்கள். ஒருவர் தன் போட்டோவுக்குப் பக்கத்தில் மனைவி போட்டோவையும் ஒட்டினார். "அவ ஊர்ல இருக்கா. அவளையும் தேடுவாங்கல்லா?" முந்தின வருஷம் பாடற்குழுவை விட்டுப் போனாரே, அவரும் வந்தார். சண்டை போட்டவருக்கு அடுத்தாற்போல்தான் இடம் கிடைத்தது. எல்லா முகமும் ஒரே அளவு. யார் பெரிது என்று யாரும் கேட்கவில்லை.

மதியம் அண்ணாச்சி சைட்டிலிருந்து நேரே, வேலை உடுப்போடு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை இடம் எங்கேயும் இல்லை. நான் ஒரு வேப்பமரத்தின் பின்னால் நின்றுகொண்டேன். கத்தப்போகிறார், ஹெல்மெட் பறக்கப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. பக்கத்தில் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நடுவில் வந்ததும் நின்றார். நகத்தால் என் போட்டோவின் ஓரத்தைத் தடவினார்.

"குமிழி இல்ல. ஓரம் தூக்கல. நாலு பக்கமும் மட்டம்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு திரும்பி, அத்தனை கூட்டத்திலும் சரியாக வேப்பமரத்தைப் பார்த்தார்.

மேடையில் தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். "எப்பேர்ப்பட்ட மூளை! எல்லாரையும் ஒட்ட வச்சிட்டாரே!" என்று மைக்கில் முழங்கினார். நான் கெடுக்கப் போய், அந்த மனுஷனைக் கொண்டாட வைத்துவிட்டேன். வாழ்நாளில் இவ்வளவு பாடுபட்டு யாருக்கும் நான் நல்லது செய்தது கிடையாது.

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "நான் இடம்தான் விட்டேன். அதுக்குள்ள சனங்க வரணும்னு எனக்குத் தோணலை. அது முதல்ல ஒட்டுனவருக்குத்தான் தோணிருக்கு. அவரு தொழில் தெரிஞ்சவரு. இந்தச் சால்வை அவருக்குத்தான் வரணும்."

ஜெனி ஓடிப் போய் நடுவிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"டாடி! இட் வாஸ் யூ? உங்க ஐடியாவா?"

பதினோரு வருஷமாக நான் காத்திருந்த முகம் அது. ஆண்டவரே, நான் என்ன செய்வேன்? "ஆமா" என்றேன்.

"டாடி, தட்ஸ் ஜீனியஸ்!"

அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொறாமை ஒன்று, பிரசங்கத்தில் எழுந்து போனது ஒன்று, பிள்ளையிடம் பொய் ஒன்று. முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே சாமியார் இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல் எனக்குத் தெரியும்.

"மகள்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. அப்புறம், அந்த ஃப்ளெக்ஸ்ல அவரு போட்டோ இருக்கா?"

"இல்ல சாமி. அவரு ஒட்டல."

"அதை வாங்கி நீங்க உங்க கையால ஒட்டுங்க. அதான் உங்களுக்குப் பரிகாரம்."

ஜெனியிடம் அன்றே சொன்னேன். "ஸோ யூ வேர் ஜெலஸ்? ஓ மை காட், டாடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். முதல் தடவையாக என்னைக் கட்டிக்கொண்டும் சிரித்தாள்.

அண்ணாச்சியிடம் போட்டோ கேட்டேன். பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். பல் தெரியாமல், கண் மட்டும் சிரிக்கிற போட்டோ.

"வச்சுக்கிடும். ஆனா இப்ப ஒட்டாதேயும். ஆக்குனவன் மூஞ்சி விளம்பரத்துல வரக்கூடாது."

"அப்ப என் மூஞ்சி நடுவுல இருக்கே, அண்ணாச்சி?"

"நீரு ஆக்குனவரா வே? நீரு வாடிக்கையாளரு."

இரண்டு வருஷம் முன்னால் அவருக்கு தோஹாவில் வேறு விசா கிடைத்தது. இப்போது அங்கே நஜ்மா என்கிற ஏரியாவில் ஒரு ரூமில் இருக்கிறார். அங்கேயும் ஒரு பலகை திட்டு வாங்காமல் இருக்காது. திருவிழா ஃப்ளெக்ஸ் டிசைன் திரும்ப என் கைக்கு வந்துவிட்டது. புறாவும் ரோஜாவும் இல்லை. மூலையில் மாதா, மீதி வெள்ளை. எல்லோரும் பர்ஸைத் திறந்து ஒட்டுகிறார்கள். படம் எடுத்து அனுப்பினால் அண்ணாச்சியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வரும்: "மாதாவை ரெண்டு இஞ்சு எடது பக்கம் தள்ளியிருக்கீரே, உமக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" வேனில் இப்போது யாரும் பேசுவதில்லை. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். பலகைகளெல்லாம் திட்டு வாங்காமல் சும்மா நிற்கின்றன.

பரிகாரம் சொன்ன சாமியாரும் ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அண்ணாச்சியின் போட்டோவைப் பர்ஸிலிருந்து எடுத்து, பின்னால் டேப்பும் வைத்து, ஃப்ளெக்ஸ் முன்னால் நிற்கிறேன். ஒட்டிவிட்டால் பரிகாரம் முடிந்துபோகும், பர்ஸில் அண்ணாச்சியும் இருக்கமாட்டார். திரும்பப் பர்ஸிலேயே வைத்துவிட்டு, மாதாவிடம் இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறேன்.